புதுப்பிப்பு: கண்ணகி நகர்ச் சுவர்களை நேரில் பார்த்துவிட்டேன்

சென்னை கண்ணகி நகர்ச் சுவரோவியங்களைப் பார்க்க அனுமதி வேண்டுமா, இன்னும் மிச்சம் இருக்கின்றனவா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஞாயிறு காலை போய்வந்தேன். அனுமதியும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். துரைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால் போதும்.

2020இல் தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளை முன்னின்று வரையவைத்தவை இவை. வெயிலும் மழையும் தின்றது போக, முகங்கள் இன்னும் நிற்கின்றன. கட்டட உயரத்துக்கு ஒரு சிரிப்பு. கிட்டே போனால் கன்னத்தில் பெயின்ட் குமிழ்விட்டு உரிந்திருக்கிறது, காதோரம் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது, நெற்றிக்கு நேராகக் கொடியில் ஈர லுங்கி. லுங்கியோடு பார்த்ததுதான் எனக்குப் பிடித்தது.

"பெயின்ட் அடித்தால் பிழைப்பு மாறுமா?" என்று கேட்டவர்களுக்கு: மாறாதுதான். சென்னைக்குள்ளிருந்த குடிசைகளை அகற்றி, 2000 முதல் இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் இந்த மக்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பதைப் பார்த்தவர்கள். இப்போது வழி கேட்டால், எந்தச் சுவர் எங்கே என்று சிறுவர்கள் முந்திக்கொண்டு காட்டுகிறார்கள்.

குடத்தோடு வந்த ஒரு அம்மா, "சுவரைப் படம் எடுங்கள் தம்பி, வாசலை எடுக்காதீர்கள்" என்றார். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்பதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.