எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி அப்டேட்டுக்குப் பிறகு சான்றிதழ் பிழை: ஃபயர்ஃபாக்ஸ், எம்சைனர், கிட் மூன்றும் நிற்கின்றன

தி.நகர்_சிஸ்டம்ஸ் (கேள்வி)

தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 14 மெஷின், பெரும்பாலும் விண்டோஸ் 10, 11. பழைய டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் டிரைவருக்காக 2 மெஷின் மட்டும் விண்டோஸ் 7, அதில் ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் 115. எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டியின் (ஆன்டிவைரஸ் மாதிரிப் பாதுகாப்பு மென்பொருள்) புது வெர்ஷன் போட்டதும் வந்த பிரச்சினைகள்:

விண்டோஸ் 7 மெஷின்களில் ஃபயர்ஃபாக்ஸில் எந்தத் தளம் திறந்தாலும் "செக் எரர் அன்நோன் இஷ்யூயர்". அதே மெஷினில் குரோம் ஒழுங்காகத் திறக்கிறது.

ஜிஎஸ்டி போர்ட்டலில் டிஎஸ்சி போட்டுக் கையெழுத்திடும்போது எம்சைனர் (கையெழுத்துப் போடும் மென்பொருள்) சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது.

உள்ளே ஒரு டெவலப்பர் இருக்கிறார். அவருக்குக் கிட், என்பிஎம், பைத்தான் என்ற புரோகிராமிங் கருவிகள் எல்லாமே சான்றிதழ் பிழை தருகின்றன.

சப்போர்ட்டில் கேட்டால் "ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனை ஆஃப் பண்ணிடுங்க" என்கிறார்கள். 20-ஆம் தேதிக்குள் 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) எல்லாம் போட வேண்டும். ஆஃப் பண்ணலாமா, வேறு வழி இருக்கிறதா?

கிண்டி_நெட்வொர்க்

மொத்தமாக ஆஃப் பண்ண வேண்டாம் சார். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், மருந்துதான் வேறு வேறு.

ஸ்கேன் ஆன் ஆனதும் அந்த மென்பொருள் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சர்வரின் அசல் சான்றிதழைத் தானே சரிபார்த்துவிட்டு, அதே தளத்தின் பெயரில் அந்த இடத்திலேயே ஒரு புதுச் சான்றிதழ் தயாரித்து, தன் சொந்த ரூட்டால் (மற்றச் சான்றிதழ்களுக்குச் சாட்சி சொல்லும் தலைமைச் சான்றிதழ்) கையெழுத்திட்டுப் பிரவுசரிடம் நீட்டும். அந்த ரூட்டை நம்புகிற புரோகிராம் வாயைத் திறக்காது. நம்பாதது பிழை காட்டும். இன்ஸ்டாலர் ரூட்டை விண்டோஸ் ஸ்டோரில் (விண்டோஸின் சான்றிதழ் பட்டியல்) போட்டுவிடுகிறது, குரோம் அங்கே பார்க்கிறது, அதனால் அதற்குப் பிரச்சினை இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், ஜாவா, நோட், பைத்தான் ஒவ்வொன்றும் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன.

எதையும் மாற்றும் முன் ஒரு விஷயம் பாருங்கள். குரோமில் முகவரிக்கு இடப்பக்க ஐகானைத் தட்டி, சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் பெயரைப் படியுங்கள். உங்கள் செக்யூரிட்டி மென்பொருளின் பெயர் இருந்தால் மேலே சொன்ன கதைதான். டிஜிசெர்ட், லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரிப் பொதுவான பெயர் இருந்தால் ஸ்கேன் அந்தத் தளத்தைத் தொடவே இல்லை, பிழைக்கு வேறு காரணம் தேட வேண்டும். இரண்டுமில்லாமல் கேள்விப்படாத பெயர் இருந்தால் அந்த மெஷினில் பாஸ்வேர்டு எதையும் அடிக்காமல் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு வருவோம். 120-ஆம் வெர்ஷனிலிருந்து விண்டோஸ் ஸ்டோரில் வெளியார் போட்ட ரூட்டை அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. 115-ல் அந்த அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். நடுவில் யாரோ இருப்பதை உணர்ந்தால் தானே ஆன் செய்யப் பார்க்கும், ஆனால் எப்போதும் நடக்காது. அபவுட் கன்ஃபிக் போய், என்டர்பிரைஸ் அண்டர்ஸ்கோர் ரூட்ஸ் என்று தேடி, செக்யூரிட்டியில் தொடங்கி எனேபிள்டு என்று முடியும் வரியை ட்ரூ ஆக்கிவிட்டு ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறக்கவும்.

அப்படியும் வந்தால் ரூட் எந்த ஸ்டோரில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7-ல் செர்ட்எல்எம் (சான்றிதழ் பார்க்கும் கருவி) கிடையாது. ரன்னில் எம்எம்சி அடித்து, ஸ்னாப்-இன் சேர்க்கும்போது சர்டிபிகேட்ஸ், அதில் "கம்ப்யூட்டர் அக்கவுண்ட்" தேர்ந்தெடுக்கவும். "டிரஸ்டட் ரூட்" ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். "இன்டர்மீடியட்" ஃபோல்டரில் கிடந்தால் பயனில்லை. பழைய மெஷின் என்பதால் தேதி, நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி போயிருந்தால் தேதி பின்னால் போய், சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவையாகத்தான் தெரியும்.

மயிலை_டிஎஸ்சி

எம்சைனர் பகுதிக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஜிஎஸ்டி பக்கம் உங்கள் மெஷினுக்குள்ளேயே 127.0.0.1 முகவரியில் 1585 போர்ட்டில் ஓடும் எம்சைனரோடு ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் பேசுகிறது. எம்சைனர் அங்கே தன் சொந்தச் சான்றிதழை வைத்திருக்கிறது. வெளியுலகில் யாரும் அதற்குச் சாட்சி சொல்வதில்லை. அதனால் ஸ்கேன் அதைப் போலி என்று நினைத்து அறுத்துவிடுகிறது.

எம்சைனரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விடுங்கள். பிறகு பிரவுசரில் ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1, கோலன், 1585 அடியுங்கள். எச்சரிக்கை வந்தால் இந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் இது மெஷினை விட்டு வெளியே போவதில்லை. எந்தப் பிரவுசரில் கையெழுத்திடுகிறீர்களோ அதிலேயே செய்ய வேண்டும். குரோமில் ஏற்றது ஃபயர்ஃபாக்ஸுக்குத் தெரியாது.

அங்கேயும் வழங்கியவராகச் செக்யூரிட்டி மென்பொருள் பெயர் தெரிந்தால் 127.0.0.1-ஐயும் எம்சைனர் புரோகிராமையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பலர் இங்கேதான் சறுக்குவார்கள்: ஃபைல் ஸ்கேனின் விலக்குப் பட்டியல் வேறு, எஸ்எஸ்எல் (ஹெச்டிடிபிஎஸ்) ஸ்கேனின் விலக்குப் பட்டியல் வேறு. முதலாவதில் சேர்த்தால் டிராஃபிக் இம்மியும் மாறாது.

ஜிஎஸ்டி போர்ட்டலையே விலக்கத் தேவையில்லை. டோக்கனில் உள்ள சான்றிதழைக் காட்டி நேரடியாக லாகின் ஆகும் தளங்களை மட்டும் விலக்கியே ஆக வேண்டும். சில வங்கிகளின் கார்ப்பரேட் நெட்பேங்கிங் அப்படி இருக்கும். டோக்கனின் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) டோக்கனை விட்டு வெளியே வராது. நடுவில் நிற்கும் மென்பொருளால் உங்கள் சார்பில் சர்வரிடம் அதை நிரூபிக்கவும் முடியாது. அங்கே கோளாறு என்று எதுவும் இல்லை, அமைப்பே அப்படித்தான்.

பெருங்குடி_பில்ட்

டெவலப்பருக்கு: சரிபார்ப்பையே அணைக்கும் "எஸ்எஸ்எல் வெரிஃபை ஃபால்ஸ்" பதில் நெட்டில் எங்கே தேடினாலும் முதலில் வரும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். ஒருமுறை குளோபல் கன்ஃபிகில் ஏறினால் ஸ்கேன் போன பிறகும் அங்கேயே இருக்கும்.

ரூட்டை விண்டோஸ் ஸ்டோரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும்போது பேஸ்-64 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவும். நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் பிகின் சர்டிபிகேட் என்று தெரிய வேண்டும். டிஇஆர் (பைனரி) வடிவமாக இருந்தால் நோட் அதைப் படிக்காது.

நோட், என்பிஎம்: நோட், எக்ஸ்ட்ரா, சிஏ, செர்ட்ஸ் என்ற நான்கு சொல்லையும் அண்டர்ஸ்கோரால் சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். மதிப்பு அந்த ஃபைலின் முழுப் பாதை. இது ஏற்கெனவே உள்ள பட்டியலோடு கூட்டும்.

பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ்: ரிக்வெஸ்ட்ஸ், சிஏ, பண்டில் வேரியபிள் கூட்டாது, பட்டியலையே மாற்றிவிடும். அதில் செக்யூரிட்டி ரூட்டை மட்டும் கொடுத்தால், ஸ்கேன் விலக்கிய தளங்கள் எல்லாம் உடையும். ரிக்வெஸ்ட்ஸ் இயல்பாகப் பார்க்கும் செர்டிஃபை பட்டியலை நகலெடுத்து, அதன் கடைசியில் இந்த ரூட்டை ஒட்டி, அந்த நகலைக் காட்டவும். பிப்புக்கு (பைத்தான் பேக்கேஜ் இறக்கும் கருவி) மட்டுமென்றால், பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், பிப் 24.2 முதல் விண்டோஸ் ஸ்டோரையே பார்க்கிறது. அப்டேட் செய்தால் போதும்.

கிட்: எஸ்எஸ்எல் பேக்கெண்டை எஸ்சானல் (விண்டோஸின் சொந்த எஸ்எஸ்எல் அமைப்பு) ஆக்கினால் விண்டோஸ் ஸ்டோரைப் பார்க்கும். அதன்பின் ரத்துப் பட்டியலைச் சரிபார்க்க முடியவில்லை என்று 80092012 முடிவுள்ள பிழை வரலாம். அந்த இடத்திலேயே தயாரித்த சான்றிதழில் ரத்துப் பட்டியலின் முகவரி இல்லாததே காரணம். எஸ்சானல் செக் ரிவோக் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கவும். சான்றிதழ் சரிபார்ப்பு அப்படியே இருக்கும், ரத்து சோதனை மட்டும் விடுபடும்.

ஜாவா ஏதாவது ஓடினால் அதன் சொந்த கேசெர்ட்ஸ் ஃபைலில் ஜாவாவோடு வரும் கீடூல் மூலம் சேர்க்க வேண்டும். இயல்பான பாஸ்வேர்டு "சேஞ்ச்இட்". ஜாவா அப்டேட் ஆனால் மறுபடியும் சேர்க்க வேண்டி வரும்.

தி.நகர்_சிஸ்டம்ஸ்

எம்சைனர் சரியாகிவிட்டது. எஸ்எஸ்எல் விலக்கில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கிட்டும் ஓகே. ஒரு விண்டோஸ் 7 மெஷினில் ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் பிழை. அதன் சான்றிதழ் மேனேஜரில் செக்யூரிட்டி ரூட் ஏற்கெனவே இருக்கிறது, பெயரும் சரி. தம்ப்பிரிண்ட் (சான்றிதழின் தனி அடையாள எண்) மட்டும் விண்டோஸில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: விண்டோஸ் 10 மெஷின்களில் 4-ல் தம்ப்பிரிண்ட் அச்சு அசலாக ஒன்றே. அவை ஒரே டிஸ்க் இமேஜிலிருந்து குளோன் செய்தவை.

கிண்டி_நெட்வொர்க்

முதலாவது சுலபம். பழைய இன்ஸ்டாலின் ரூட்டை யாரோ கையால் ஃபயர்ஃபாக்ஸில் இறக்கியிருக்கிறார்கள். பெயர் ஒன்று, சாவி வேறு. அதை அழித்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறங்கள்.

இரண்டாவதை இன்றைக்கே கவனியுங்கள் சார், அது பிழைச் செய்தியே காட்டாது. தம்ப்பிரிண்ட் ஒன்று என்றால் ரூட் ஒன்று, அதன் பிரைவேட் கீயும் 4 மெஷினிலும் ஒன்றே. ஒரு மெஷினில் அட்மின் உரிமை பெற்றவர் அந்தச் சாவியை எடுத்தால், மற்ற 3 மெஷினும் அவர் காட்டும் எந்த வங்கிப் பக்கத்தையும் அசல் என்று நம்பும். 2015-ல் லெனோவா லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் (முன்கூட்டியே போட்டிருந்த விளம்பர மென்பொருள்) விவகாரம் இதேதான். அது இருந்த எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரூட், ஒரே சாவி. சாவியை ஆராய்ச்சியாளர்கள் வெளியே எடுத்துவிட்டார்கள்.

4 மெஷினிலும் மென்பொருளை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டர் அக்கவுண்ட், கரண்ட் யூசர் இரண்டு ஸ்டோரிலும் பழைய ரூட் மிச்சமிருக்கிறதா பார்த்து அழித்து, பிறகு ஒவ்வொன்றிலும் தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள். தம்ப்பிரிண்ட் நான்கும் வேறுபட வேண்டும். அந்த இமேஜிலிருந்தும் மென்பொருளை நீக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மெஷினுக்கும் அதே சாவி போகும். சென்ட்ரல் கன்சோலிலிருந்து ஒரே ரூட்டைத் தள்ளும் வகை என்றால், பிரைவேட் கீ சர்வரில் மட்டும் இருக்கிறதா, மெஷின்களுக்கும் வருகிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேட்எஸ்எஸ்எல் டாட் காம் (சான்றிதழ் சோதனைத் தளம்) போய் காலாவதி, தவறான பெயர், நம்பாத ரூட் என்ற மூன்று சோதனையையும் ஒவ்வொரு மெஷினிலும் திறந்து பாருங்கள். மூன்றும் தடுக்கப்பட வேண்டும். ஒன்று திறந்தாலும் மென்பொருள் அசல் சான்றிதழைச் சரிபார்க்காமலே புதிது எழுதித் தருகிறது என்று அர்த்தம். அந்த நிலைமையில் மட்டும் சப்போர்ட் சொன்னபடி ஸ்கேனை ஆஃப் பண்ணுங்கள், அவர்கள் அதைச் சரிசெய்து தரும்வரை.