நோர்வே கடலோரச் சாலை ஓய்விடங்கள்: முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

நெய்தல்:
வரும் ஜூனில் அம்மாவுடன் நோர்வே போகிறேன். பூடோ நகரில் வாடகைக் கார் எடுத்து, ஹெல்கெலாந்து கடற்கரை வழியாகத் தெற்கே ஓட்டுவதாகத் திட்டம். அந்தச் சாலைகளில் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ஓய்விடங்களைப் படங்களில் பார்த்ததிலிருந்து தீராத ஆசை. ஆனால் அம்மாவுக்கு 72 வயது. பத்துப் படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறையும் வேண்டும். அங்கெல்லாம் வயதானவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து எழ முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
நான் போனது இன்னும் தெற்கே, அட்லாண்டிக் சாலை. எட்டுக் கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் எட்டுப் பாலங்கள். எல்டுசோயா என்ற சிறு தீவைச் சுற்றித் தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய நடைபாதை ஒன்று உண்டு. சக்கர நாற்காலியும் போகும். காற்று காதை அறையும், கம்பளித் தொப்பி அவசியம்.

வடகாற்று:
தயங்காமல் அழைத்து வாருங்கள். நான் நோர்வேயில் வளர்ந்தவள். கோடை வந்தால் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கடலோரச் சாலைக்குக் கிளம்பிவிடுவேன். அவருக்கும் முழங்கால் வலிதான். ஆகவே எங்கே போனாலும் படி எத்தனை, பெஞ்சு எவ்வளவு உயரம் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும்.

இப்படிப்பட்ட 18 சாலைகளைத் தேசியச் சுற்றுலாச் சாலைகள் என்று அரசின் சாலைத் துறையே நடத்துகிறது. உங்கள் வழியில் வரும் ஓய்விடம் உரெட்பிளாசன். ஹாவ்கென் ஸோஹார் நிறுவனத்தின் வடிவமைப்பு, 2018-இல் திறந்தார்கள். அங்கே பேர் பெற்றது கழிப்பறைதான்! கான்கிரீட் கூரை அலைபோல எழுந்து வளைந்து தரைக்கு இறங்குகிறது. சுவர் முழுக்கப் பால் நிறக் கண்ணாடி. இருட்டில் உள்ளே விளக்கு எரியும்போது அந்தச் சுவரே ஒளிரும். ஜூனில் அங்கே சூரியன் மறைவதில்லை, அதனால் அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு அதில் வருத்தமில்லை. நள்ளிரவில் பொன்வெயிலில் அந்தக் கடலைப் பார்ப்பது அதைவிடப் பெரியது.

கடலை நோக்கி அகலமான கான்கிரீட் படிகள் இறங்குகின்றன. அப்பா இறங்கவில்லை. மேலேயே சலவைக்கல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த நினைவுச்சின்னம் என்னவென்று கேட்டார். 1943-இல் கண்ணிவெடியில் மோதி மூழ்கிய உரெட் என்ற நீர்மூழ்கியில் மாண்டவர்களுக்கானது. உரெட் என்றால் அஞ்சாதது என்று பொருள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது எங்கட சுமைதாங்கிதான்” என்றார். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் தெருவோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள் அல்லவா? இறந்தவர் பெயரில், வழிப்போக்கன் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். இத்தனை முறை அங்கே போயும் எனக்கு அது தோன்றியதில்லை. (அந்தக் கல் கோடையிலும் சில்லென்றிருக்கும், மடித்துப் போட ஒரு போர்வை எடுத்துப் போங்கள்.)

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இன்னொரு முறை வந்தால் வடகிழக்குக் கோடியில் வார்டோவுக்குப் போங்கள். அப்பா பருத்தித்துறையிலிருந்து வந்து முதலில் வேலை பார்த்த மீன் தொழிற்சாலை அந்தத் தீவில்தான் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட 91 பேருக்கு, அங்குள்ள ஸ்டைல்னெசெட்டில் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயீஸ் பூர்ஷ்வாவும் எழுப்பிய நினைவிடம் 2011-இல் திறக்கப்பட்டது. நூறு மீட்டருக்கும் மேலான மரச்சட்டம். அதற்குள் இழுத்துக் கட்டிய துணியால் ஆன நீண்ட கூடு. உள்ளே இருட்டு. ஆளுக்கொரு சிறு ஜன்னல், ஜன்னலுக்கொரு மின்விளக்கு. காற்றடித்தால் துணிச்சுவர் விம்மித் தணிகிறது, மூச்சு விடுவதைப் போல.

அப்பா வெளியே நின்று சட்டத்தின் கால்களைத் தடவிப் பார்த்தார். மீன் காயவைக்கும் பரண் அது. சும்தோர் அதிலிருந்துதான் எடுத்திருக்கிறார். அங்கே வேலை பார்த்த நாட்களில் அப்படிப்பட்ட பரண்களைப் பார்த்துக்கொண்டேதான் தொழிற்சாலைக்கு நடந்ததாகச் சொன்னார். எந்த வழிகாட்டி நூலும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நெய்தல்:
கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒரு நாளில் எத்தனை இடங்கள் பார்க்கலாம்?

வடகாற்று:
இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். நானும் முதல் பயணத்தில் ஒரே நாளில் ஆறு இடங்களில் காரை நிறுத்தினேன். படங்கள் இருக்கின்றன, இடங்கள் நினைவில் இல்லை. உங்கள் ஹெல்கெலாந்து சாலையில் காரோடு படகுக் கப்பலில் ஏற வேண்டிய துறைகள் பல. யெக்ட்விக்கிலிருந்து கில்பொக்ஹாம்ன் வரும் கப்பல் சுமார் ஒரு மணி நேரம் போகும். நடுவில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடப்பீர்கள். கரையில் உலகுருண்டை வடிவில் ஒரு சின்னம் தெரியும். அந்த நேரத்தில் அம்மா உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள்.