முதல் பவளத் தொட்டி: கோவளத்துக் கடல்நீரா, மூட்டை உப்பா?

கரைவாசி:
வணக்கம். வீடு திருவான்மியூர். கூடத்தில் 60×45×40 செ.மீ. கண்ணாடித் தொட்டி வைக்கிறேன். இதுவரை நன்னீர் மீன்தான் பழக்கம். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், இவ்வளவுதான் திட்டம். கடல் பக்கத்திலேயே இருக்க உப்பு மூட்டை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள், கடல்நீரைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். கல், மணல் இரண்டையும் கரையிலேயே எடுத்துக்கொள்ளலாமா? பகலில் ஏசி ஓடாது.

நெய்தல்:
தண்ணிக்கு கடலுக்கே போங்க. மூட்டை உப்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் கடலைப் பார்த்து செய்த நகல்தான். இந்தக் கரையில இருக்கிற இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் எல்லாம் கடல்நீரிலதான் ஓடுது.

எடுக்கிற முறைதான் முக்கியம். அலை உடையிற இடத்துல மொண்டா மணலும் கலங்கலும்தான் வரும். விடியக்காலை கடலுக்குப் போற படகுக்காரர்கிட்ட மூடி இறுகின 35 லிட்டர் கேன் மூணு கொடுங்க, கரையிலிருந்து மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி, தண்ணி தெளிஞ்சு நீலம் தட்டுற இடத்துல நிரப்பித் தரச் சொல்லுங்க. கேன் புதுசா இருக்கணும். டீசலோ பினாயிலோ இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். மழை பெஞ்ச வாரத்துல எடுக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் 5 மைக்ரான் துணிப்பையில வடிகட்டி, கருப்பு டிரம்முல ஊத்தி மூடி, காற்றுக்கல் போட்டு இரண்டு வாரம் இருட்டுல வையுங்க. அவசரம்னா 100 லிட்டருக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மி.லி. விட்டா 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மி.கி.) குளோரின் கிடைக்கும். வாசனையும் சோப்பும் சேர்க்காத பிளீச்சா இருக்கணும். ஒரு நாள் காற்று விட்டு, அப்புறம் மிச்ச குளோரினை முறிக்க சோடியம் தயோசல்ஃபேட் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. குளோரின் சோதனைத் துளி விட்டா மஞ்சளே தெரியக் கூடாது. கடைசியா கரி வடிப்பான்ல ஒரு நாள் ஓட விட்டா தண்ணி தயார்.

சுழியம்:
நெய்தல் சொன்ன சுத்திகரிப்பு முறையில் குறை இல்லை. ஆனால் அதை முதல் தொட்டி வைப்பவரிடம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். குளோரின் கிருமியைக் கொல்லும், உலோகத்தை எடுக்காது. எண்ணெயையும் எடுக்காது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. இரண்டு முறையும் செய்தி வந்ததால் தெரிந்தது. சிறிய அளவில் கலப்பது கேனைப் பார்த்தால் தெரியாது.

கோவளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம், தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு பக்கம் உப்பு குறைந்த கழிமுக நீர், இன்னொரு பக்கம் செறிந்த உப்புநீர் வெளியேற்றம். நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அதே இடத்துத் தண்ணீர் வாரத்துக்கு வாரம் மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் மோசம். வங்கக் கடலில் கலக்கும் பெரிய ஆறுகளின் நன்னீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே கொண்டுவருகிறது. கோடையில் 33, 34 பி.பி.டி. (ஒரு கிலோ நீரில் அத்தனை கிராம் உப்பு) காட்டும் மேல்மட்ட நீர் 30க்கும் கீழே இறங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 108 லிட்டர். விளிம்பில் விடும் இடைவெளி, கல், மணல் போக உண்மையான நீர் 85 லிட்டர். 35 பி.பி.டி.க்கு லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் உப்பு வேண்டும், உப்பிலேயே கொஞ்சம் ஈரம் இருப்பதால் 35 போதாது. முதல் நிரப்பலுக்கு 3.2 கிலோ, வாரம் 10 லிட்டர் மாற்ற 380 கிராம். இந்த அளவுக்காகப் படகு, கேன், டிரம், பிளீச் என்று அலைய வேண்டியதில்லை.

பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள். சமையல் கல்லுப்பு உதவாது. தூத்துக்குடிப் பாத்தியில் தண்ணீர் காயும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம், அதன்பிறகுதான் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். பவளத்துக்கு வேண்டிய சுண்ணாம்பும் மெக்னீசியமும் விலகிய பிறகு கிடைப்பதே கல்லுப்பு.

நெய்தல்:
சுழியம் சார், 31 காட்டுற தண்ணியைத் தூக்கி எறியவா முடியும்? 20 லிட்டருக்கு 90 கிராம் உப்பு சேர்த்தா 35க்கு வந்துடும். உப்பளவு காட்டுற ரெஃப்ராக்டோமீட்டர் எதுக்கு இருக்கு?

உங்க பக்கத்துலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. உப்பைக் கரைக்கிற தண்ணி எங்கிருந்து வருது? சென்னையில போர் தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுற தெரு எத்தனை! முதல் தொட்டி வைக்கிறவங்க சமையலறை ஆர்.ஓ.வில பிடிச்சுத்தான் கரைப்பாங்க.

சுழியம்:
இந்தக் கேள்வி சரியான கேள்வி, இதில் தவறுபவர்கள்தான் அதிகம். வீட்டு ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்தது. மெம்பிரேன் கழித்ததை டி.டி.எஸ். கன்ட்ரோலர் வால்வும் மினரல் கார்ட்ரிட்ஜும் திரும்பச் சேர்க்கின்றன, ருசிக்காக. இப்போது செம்பு சேர்க்கும் இயந்திரங்களும் பரவலாகிவிட்டன. அந்தத் தண்ணீர் நமக்கு நல்லது, ஆனால் இறால், நத்தை, பவளம் மூன்றுக்கும் செம்பு நஞ்சு. ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் சேர்க்காதீர்கள், அது செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தொட்டு வருகிறது.

செய்ய வேண்டியது: மெம்பிரேனை விட்டு வெளியே வரும் குழாயில், மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்பே ஒரு டி இணைப்பு போட்டுப் பிரித்து, அதில் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் மாட்டுங்கள். டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். 5 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். ரெசின் தீர்ந்தால் முதலில் தப்புவது சிலிகேட், கண்ணாடியில் பழுப்புப் பாசி அதனால்தான் திரும்பத் திரும்ப வரும்.

கரைக்கும்போது வாளியில் தண்ணீரை ஓடவிட்டு அதில் உப்பைத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் செறிவு ஏறி, சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, பால்போல் நிற்கும். அந்த வாளியை மறுபடி தெளியவைக்க முடியாது. பிரித்த மூட்டை சென்னை ஈரத்தில் கட்டியாகும். கட்டியான உப்பின் எடையை நம்ப முடியாது. இறுகிய மூடி டப்பாவில் வையுங்கள், எடையை விட ரெஃப்ராக்டோமீட்டரை நம்புங்கள். அதையும் உப்பளவு உறுதியாகத் தெரிந்த 35 பி.பி.டி. திட்டக் கரைசலில் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் 0 காட்டும் கருவி 35இல் இரண்டு புள்ளி தள்ளிக் காட்டலாம்.

கொங்குக்கடல்:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணுங்க. உப்பா கடலா என்பதை விட வெப்பம்தானுங்க முதல் தொட்டியைக் கவிழ்க்கிறது. கரைவாசி பகல்ல ஏசி இல்லைங்கறாரு. அதுக்காக சில்லர் (தண்ணியைக் குளுமையாக்கற மெஷின்) வாங்கச் சொல்லாதீங்க. தண்ணி மேல படுற மாதிரி இரண்டு 12 வோல்ட் விசிறி, ஒரு கன்ட்ரோலர், போதுமுங்க. கோயம்புத்தூர்ல இது நல்லாவே வேலை செய்யுது.

சுழியம்:
கோயம்புத்தூரில் செய்யும், திருவான்மியூரில் செய்யாது. விசிறி தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது, அதனால் அறையின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு) கீழே அதனால் இறக்க முடியாது. உங்கள் ஊரில் மே மாதம் அறை 35 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் அந்த எல்லை 23.5. நிறைய இடம் இருக்கிறது. கடற்கரையில் அறை 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் எல்லை 27.5. மோட்டாரும் விளக்கும் தரும் சூட்டைச் சேர்த்தால் தொட்டி 29இல்தான் நிற்கும். மென்பவளம் 29இல் சில நாள் தாங்கும், பல வாரம் தாங்காது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவிலேயே கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது.

விசிறி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் ஆவியானால் சுமார் 40 வாட் சூடு வெளியேறுகிறது, நல்லதுதான். ஆனால் உப்பு ஆவியாகாது. 85 லிட்டரில் மூன்று நாள் நிரப்பாமல் விட்டால் 35 பி.பி.டி. 37ஐத் தொடும். அதனால் விசிறி இருந்தால் ஆவியான அளவை நிரப்பும் தானியங்கி டாப்-அப் கட்டாயம், அதில் 0 டி.டி.எஸ். நன்னீர் மட்டும்தான். உப்புநீரை ஊற்றி மட்டத்தை நிரப்புபவர்கள் ஒவ்வொரு நாளும் உப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

கொங்குக்கடல்:
ஈரக்குமிழ் கணக்கை ஒத்துக்கறேனுங்க. அப்போ கரைவாசிக்கு 1/10 எச்.பி. சில்லர்தான். ஆனா அதை தொட்டிக்குக் கீழ இருக்கற அலமாரிக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திடாதீங்க. வெளியேத்தற சூட்டையே திரும்ப உறிஞ்சி நிக்காம ஓடும், கம்ப்ரஸர் சீக்கிரம் போயிடும். காத்தோட்டமான பால்கனிக்கு ஹோஸ் இழுத்துடுங்க. 26.5ல வெச்சு, ஒரு டிகிரிக்கு மேல ஆட விடாதீங்க.

கரண்ட் போனா? சில்லரை இன்வெர்ட்டர்ல மாட்ட வேண்டாமுங்க. மணிக்கு 1,700 லிட்டர் தள்ளற வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ள நீரோட்டம் தர்ற மோட்டார்) ஒண்ணு, பத்துப் பதினஞ்சு வாட்தான், அதை மாட்டுங்க. தண்ணி மேல்பரப்பு அசைஞ்சுட்டே இருக்கணும். 30 டிகிரி உப்புத்தண்ணியில ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான் கரையும், அசைவு நின்னா மீன் ஒன்று ரெண்டு மணி நேரத்துல மேல வந்து வாய் பிளக்கும்.

பாக்நீரிணை:
கல்லைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டியது அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் கல் பவளம், கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் இருக்கின்றன. செத்து வெளுத்த பவள எலும்பும் சட்டத்தின் கண்ணில் அந்த விலங்கின் பகுதிதான். ‘லைவ் ராக்’ என்று கடையில் தரும் ஓட்டைக் கல் பல நேரம் இதுதான். கடல் குதிரையும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே 21 தீவுகள் இருந்தன, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. கல்லைக் கரையில் பொறுக்காதீர்கள்.

பீங்கானில் அல்லது அரகோனைட் (சுண்ணாம்புக் கனிமம்) சேர்த்த சிமென்டில் வார்த்த செயற்கைக் கல் வாங்குங்கள், 8 முதல் 10 கிலோ போதும். சிமென்ட் கல்லென்றால் ஆறு வாரமாவது நன்னீரில் ஊறவைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். பி.எச். 8.5க்குக் கீழே வந்தபிறகு தொட்டிக்குள் வையுங்கள். மென்பவளத்திலும் காளான் பவளம், சோவாந்திட், சீனியா ஆகியவை மேலே சொன்ன கூட்டங்களில் வராதவை. அவற்றையும் வளர்ப்பில் பிரித்த துண்டாக, ரசீதோடு வாங்குங்கள். சோவாந்திட்டை வெறும் கையால் அறுக்கக் கூடாது, ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது. அதில் உள்ள பாலிடாக்ஸின் ஆவியோடு வந்து ஆளையே சாய்க்கும்.

மணலும் அப்படியே. நம் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், இடையிடையே கருமணல். அதில் இல்மனைட் போன்ற காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. அது மோட்டாரின் இம்பெல்லரில் (சுழலும் காந்த உருளையில்) ஒட்டிக்கொண்டு தேய்க்கும், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டினால் ஒரே இழுப்பில் கீறல் விழும். 1–2 மி.மீ. அரகோனைட் மணல் 10 கிலோ போட்டால் இரண்டரை செ.மீ. படுக்கை கிடைக்கும்.

கரைவாசி:
கல், மணல் தெளிவாகிவிட்டது, நன்றி. செயற்கைக் கல் என்றால் மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர் எங்கிருந்து வரும்? ஒரு இறாலைப் போட்டு அழுகவிடச் சொல்கிறார்களே?

நெய்தல்:
இங்கதான் கடல்நீருக்கு மறுபடி கை தூக்குறேன். பிளீச் போடாம, 5 மைக்ரான்ல மட்டும் வடிகட்டின கடல்நீர் 5 லிட்டர் விட்டாலே விதை வந்துடும். சமையல் இறால் வேண்டாம், எவ்வளவு அம்மோனியா வரும்னு கையில பிடிபடாது, வீடு முழுக்க நாறும், பாஸ்ஃபேட்டும் ஏறும்.

சுழியம்:
இறால் வேண்டாம் என்பதில் உடன்பாடு. விதைக்குப் பச்சைக் கடல்நீர் வேண்டாம், ஒட்டுண்ணியும் கூடவே வரும். புட்டி நுண்ணுயிரே போதும். அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு: 85 லிட்டரில் 2 பி.பி.எம். அம்மோனியா வர அரை கிராமுக்குச் சற்று மேல், 0.53 கிராம். ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் உலோகக் கலப்பு இருக்கலாம், ஆய்வக ரகம் வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கியதும் அதே அளவு மறுபடி. 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் காணாமல் போகும் நாளில் தொட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை விளக்கை அணைத்தே வையுங்கள், வெளிச்சம் பாசிக்குத்தான் பயன்படும்.

முதலில் கோமாளி மீன் இரண்டு. வளர்ப்பில் பொரித்தவையே வாங்குங்கள், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொரிக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. கடல் சாமந்தி அவற்றுக்குத் தேவையில்லை, முதல் ஆண்டில் அதை வைக்கவும் வேண்டாம். நகர்ந்து போய் வேவ்மேக்கரில் சிக்கினால் ஒரே இரவில் தொட்டி முழுதும் கெடும். பவளம் இன்னும் ஒரு மாதம் கழித்து, நைட்ரேட் 5–10 பி.பி.எம்., பாஸ்ஃபேட் 0.03–0.1 பி.பி.எம். என்று நிலைத்த பிறகு. இரண்டும் 0 என்றால் பெருமைப்படாதீர்கள், காளான் பவளம் பட்டினியில் சுருங்கும்.

நெய்தல்:
ஒண்ணு விட்டுக்கொடுக்கிறேன். அக்டோபர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் உப்புதான். பிப்ரவரியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தெளிஞ்ச கடல்நீரை விடமாட்டேன்.

சுழியம்:
அப்படி மாறி மாறி ஊற்றுவதாக இருந்தால் காரத்தன்மையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கடல்நீர் 6.5–7 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), சில உப்புகள் 11 வரை போகும். பிப்ரவரியில் உப்பிலிருந்து கடலுக்குத் தாவும் வாரத்தில்தான் பவளத்தின் நுனி கருகும். 7–8 காட்டும் உப்பை வாங்கி, மாற்றும் மாதத்தில் 10 லிட்டருக்குப் பதில் வாரம் இருமுறை 4 லிட்டர் மட்டும் மாற்றுங்கள். கரைவாசி முதல் ஆண்டு ஒரே உப்பில் இருக்கட்டும் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

கரைவாசி:
முதல் ஆண்டு உப்பு, பால்கனியில் சில்லர், செயற்கைக் கல். ஆர்.ஓ.வில் டி பிரிக்கும் இடத்தை நாளை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே எழுதுகிறேன்.