ஆயர் ஈத்தாமில் மலையடி வீடு வாங்கலாமா?

பங்சார்வாசி:
அப்பா ஓய்வு பெற்றதும் பினாங்குக்கே திரும்பிவிடலாம் என்கிறார். ஆயர் ஈத்தாமில், பாயா தெருபோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலை கட்டுப்படி ஆகிறது, பின்பக்கம் மலை. அம்மாதான் 2017 வெள்ளத்தைச் சொல்லி வேண்டவே வேண்டாம் என்கிறார். ஊர்க்காரர்கள் சொல்லுங்கள், பயப்பட வேண்டிய இடமா?

தஞ்சோங் மாமா:
தாராளமாக வாங்குங்கள். பினாங்கு ஆண்டவன் பார்த்துப் பார்த்து வைத்த தீவு. எரிமலை இல்லை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்டத்தில் சூறாவளி சுழலாது. மேற்கே சுமத்ரா சுவர் மாதிரி நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கிளந்தான், திரெங்கானு முழுகும்போதுகூட நடுவில் இருக்கும் மலைத்தொடர் நம்மைக் காப்பாற்றிவிடும். 2017 ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான்.

பாலிக் புலாவ் மீனா:
மாமா, அந்தச் சுவர்க் கதையை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகும் சொல்கிறீர்களே! மலேசியாவில் சுனாமிக்குப் பலியானவர்கள் 68 பேர், அதில் 52 பேர் பினாங்கில். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாகக் குளிக்கப் போயிருந்தார்கள். சுமத்ராவின் ஆச்சேயில் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை 9 மணிக்கு முன்பே. அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து இங்கே வந்தபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. நான்கு மணி நேரம் இருந்தும் கரையில் நின்றவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சூறாவளியும் வராது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி ஜொகூரில் கரையேறியது. அது நம்மைவிடப் பூமத்திய ரேகைக்கு இன்னும் பக்கம்.

தஞ்சோங் மாமா:
சரிம்மா, சுனாமியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயர் ஈத்தாம் கடற்கரையிலா இருக்கிறது? அதற்கப்புறம் எச்சரிக்கை மையம் வந்தது, கடலோரத்தில் சங்கு வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11-இல் ஆச்சேக்கு அப்பால் 8.6 அளவில் ஆடியபோது பினாங்கில் மாடிக்கட்டடங்களை விட்டு ஓடி வந்தோம், கரையோரத்தையும் காலி செய்தார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. கேட்டவர் மலையடியில் வீடு கேட்கிறார், நீங்கள் கடலைக் காட்டுகிறீர்கள்.

ஈரமண்:
அப்படியானால் மலையையே பேசுவோம். சரிவுகளைப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளும்.

பினாங்கு மலை கருங்கல் மலை. ஆனால் மேலே இருப்பது கல் அல்ல. மழையிலும் வெயிலிலும் காலங்காலமாக மக்கிப்போன மண். காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். நாள்கணக்கில் மழை ஊறினால் மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பிடிப்பு விட்டுப்போகும். அந்த நேரத்தில் அடிவாரத்தை யாராவது வெட்டி வைத்திருந்தால் மேலிருப்பதற்குத் தாங்கல் இல்லை. ஆங்காங்கே பெரிய உருண்டைக் கற்களும் அந்த மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். 1998 நவம்பரில் பாயா தெருபோங்கில் அடுக்குமாடி வளாகத்தின் கார்கள் மேல் வந்து விழுந்தது அந்த வகைதான்.

இனி தேதிகளைப் பாருங்கள். 2017 அக்டோபர் 21, தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 4-இல், பெருவெள்ளம். 2018 அக்டோபர் 19, பாயா தெருபோங் அருகே புக்கிட் குக்குசில் சாலை போடும் இடத்தில் சரிவு, 9 பேர். செத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அதனாலேயே ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது என்பது என் கணிப்பு. செப்டம்பர், அக்டோபர்தான் நமக்கு அடைமழைக் காலம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அந்த மாதங்களில் சரிவை வெட்டித் திறந்து வைப்பதை இயற்கைச் சீற்றம் என்று எப்படிச் சொல்வது?

தஞ்சோங் மாமா:
நவம்பர் 4-ஐயும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெட்டிய மலையால் வந்ததல்ல. ராத்திரி முழுக்க அடித்த மழை, மரங்களைச் சாய்த்த காற்று, போதாததற்கு அன்று ஐப்பசிப் பௌர்ணமி. கடல் ஏறி நின்றால் சுங்கை பினாங்கு ஆறு எங்கே போய் வடியும்? முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங் நள்ளிரவுக்குப் பின் இராணுவ உதவி கேட்டார். ஏழு பேர் போனார்கள். எந்த ஆட்சியாக இருந்தாலும் அன்று ஒன்றும் செய்திருக்க முடியாது.

இன்னொன்று, மேலே காய்கறித் தோட்டம் போட்டு மண்ணைக் கொத்துகிறவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?

டுரியான் தோப்பு:
வந்துவிட்டது! வெள்ளம் என்றால் உடனே தோட்டக்காரன் தலையில் போட்டுவிடுவது. மலைச் சரிவில் காடழித்து முறைகேடாகப் பயிர் செய்பவர்கள் சிலர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தோட்டக்காரன் முப்பது மாடி எழுப்பினான்? கடல் மட்டத்திலிருந்து 250 அடிக்கு மேலும் 25 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவிலும் கட்டக் கூடாது என்று மாநிலக் கொள்கையே சொல்கிறது. கூடவே விலக்குக் கொடுக்க ‘சிறப்புத் திட்டம்’ என்று ஒரு கதவையும் வைத்துக்கொண்டார்கள்.

பௌர்ணமியைச் சொன்னீர்கள், நியாயம். ஆனால் மழையை உறிஞ்ச வேண்டிய மலை சிமெண்டாகிவிட்டால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் சுங்கை ஆயர் ஈத்தாமிலும் சுங்கை டொண்டாங்கிலும் இறங்குகிறது. இரண்டும் சேரும் இடம் அதே சுங்கை பினாங்கு. அதன் வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை மத்திய அரசும் மாநில அரசும் மாறி மாறிக் கைகாட்டி ஆண்டுக்கணக்கில் இழுத்த கதை தெரியுந்தானே.

தஞ்சோங் மாமா:
தண்ணீர் இறங்கும், சரி. அதற்காக ஊரில் வீடே கட்டாமல் இருக்க முடியுமா? தீவில் சமநிலம் எவ்வளவு இருக்கிறது? கடலை நிரப்பினால் மீனவர்கள் பாவம் என்கிறீர்கள், மலையில் கட்டினால் சரிவு என்கிறீர்கள். அப்புறம் பிள்ளைகள் எல்லாரும் அக்கரையில் கெடாவின் சுங்கைப் பட்டாணியில் இருந்து பாலம் தாண்டி வேலைக்கு வர வேண்டியதுதான்.

பாலிக் புலாவ் மீனா:
பாலம் தாண்டி வருவது அலைச்சல்தான் மாமா. ஆனால் கோலாலம்பூர்க்காரர்களுக்கு 1993-இல் மண்சரிவில் இடிந்து விழுந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி ஞாபகம் இருக்கும். 48 பேர் இறந்தார்கள். அதையும் அமைதியான மலையடி என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.

பங்சார்வாசி:
அதைத்தான் அம்மாவும் சொன்னார். சரி, வீடு வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும்?

ஈரமண்:
பின்னால் இருப்பது இயற்கைச் சரிவா, வெட்டிய சரிவா என்று முதலில் பாருங்கள். வெட்டியது என்றால் அதைப் பராமரிப்பது யார், கடைசியாகப் பொறியாளர் எப்போது பார்த்தார் என்று நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள். தடுப்புச் சுவரில் நீர் கசியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, சரிவின் வடிகாலில் விரிசலோ குப்பையோ இருக்கிறதா, மரங்களோ விளக்குக் கம்பங்களோ சாய்ந்திருக்கின்றனவா என்று நீங்களே நடந்து பாருங்கள். அக்டோபரில், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். முகவர் வெயில் நாளில்தான் கூட்டிப் போவார்.

தஞ்சோங் மாமா:
மழையில் போய்ப் பார்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பக்கம் வீடுகள் அக்டோபர் வரை காத்திருக்காது தம்பி.