இசைத்தட்டுக் கருவியின் வேகம் குறைகிறது: கோவைப் பக்கம் பழுது பார்ப்பவர் உண்டா?

குழுவினருக்கு வணக்கம். ஜெர்மனியின் கேன் (Can) இசைக்குழு 1971இல் வெளியிட்ட ‘டாகோ மாகோ’ இரட்டை இசைத்தட்டை, எங்கள் அப்பாரு விட்டுச்சென்ற ரெக்கார்டு பிளேயரில் சோமனூரில் கேட்டு வருகிறேன். அதில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் ‘ஹாலலூவா’ 18 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது; எங்கள் தெரு விசைத்தறியைப் போல அடி பிசகாமல் செல்ல வேண்டிய யாக்கி லீபட்சைட்டின் டிரம்ஸ், எனக்கு இழுத்து இழுத்துக் கேட்கிறது.

கேன் இசைக்குழுவினர் முன்திட்டமின்றி நெடுநேரம் வாசித்தவற்றை அவர்களுள் ஒருவரான ஹோல்கர் சுக்காய் ஒலிநாடாவில் வெட்டி ஒட்டித் தொகுத்த இசை இது என்பதால், எது இசை, எது பழுது என்று பிரித்தறியவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. (வீட்டில் எல்லாமே பழுதுதான் என்கிறார்கள்.) பிறகு, நிமிடத்துக்கு 33 1/3 சுற்று என்னும் வேகத்தைச் சோதிக்க, 180 கோடுகள் கொண்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பின் கீழ் பார்த்தேன். வேகம் சரியாக இருந்தால் அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டிய கோடுகள் மெல்லப் பின்னோக்கி நகர்கின்றன; அதாவது, தட்டு மெதுவாகச் சுற்றுகிறது.

பெல்ட் தளர்ந்திருக்குமா, மோட்டாருக்கு எண்ணெய் விட்டால் போதுமா? கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் அளவெடுத்து பெல்ட் மாற்றித் தருபவரை அறிந்தோர் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். நான் விசாரித்த கடையொன்றில் எடைக்குப் போடச் சொன்னார்கள். அதற்கு மனம் ஒப்பவில்லை.