ஒன்பதாம் வகுப்புக்கு மரவேலை: பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்க வைப்பது எப்படி?

கேள்வி (அறிவியல் டீச்சர்)

வணக்கம். கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அப்பா தச்சர், அதனால் உளியும் இழைப்புளியும் எனக்குப் புதிதில்லை. இந்த வருஷம் முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் கருவிகள் வாங்கித் தந்தார்கள்: 6 ரம்பம், 8 உளி, 2 இழைப்புளி, கட்டையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பீரியட் சேர்த்து 26 பேருக்கு வகுப்பு எடுக்கிறேன்.

மூன்று வாரம் கோடு போடுவது, அறுப்பது, உப்புத்தாள் தேய்ப்பது என்று போனது. அப்புறம் "உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்றேன். 19 பேர் செய்தது ஒரே மாதிரி போன் ஸ்டாண்டு, எல்லாம் ஒரே வீடியோவைப் பார்த்து. சோம்பேறிப் பிள்ளைகள் இல்லை, ஆசையாகத்தான் செய்தார்கள். முதலில் கைப்பழக்கம் வரட்டும், வடிவமைப்பெல்லாம் அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று விடுவதா, இரண்டையும் சேர்த்தே நடத்துவதா?

இன்னொன்று, போன வாரம் ஒரு பையன் கட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டே செதுக்கி விரலைக் கிழித்துக்கொண்டான். தையல் அளவுக்குப் போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுமொழி (தச்சர், 30 வருஷத் தொழில்)

டீச்சர், முதலில் அந்த விரலைப் பற்றிப் பேசுவோம். பெரும்பாலும் மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும். மழுங்கினால் பிள்ளை பலம் போட்டுத் தள்ளும், சட்டென்று வழுக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த வகுப்பில் மரத்தைத் தொடாமல் எட்டு உளியையும் தீட்டச் சொல்லுங்கள். உளி வாயின் சாய்வு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரிக்குக் கொஞ்சம் தீட்டினால் போதும். பைன் கட்டையின் தலைப்பக்கத்தில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், வைத்துச் சீவிப் பார்க்கட்டும், நொறுங்காமல் பளிச்சென்று வந்தால் உளி தயார். இரண்டு கையும் எப்போதும் உளி வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், கட்டையைக் கிளாம்ப்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு வைஸ் 26 பேருக்குப் பத்தாது. ஒரு சின்னப் பலகையில் மேலே ஒரு ஓரத்தில் ஒரு கட்டை, அடியில் எதிர் ஓரத்தில் ஒரு கட்டை அடித்தால், மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். மேல் கட்டையில் மரத்தை அண்டக் கொடுத்து அறுக்கலாம். ஆளுக்கு ஒன்று அதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவதும் நேராக அறுப்பதும் அதிலேயே வந்துவிடும்.

தேக்கும் வேங்கையும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மலைவேம்பு, சில்வர் ஓக், பேக்கிங் பெட்டியில் வரும் பைன், இதெல்லாம் பிள்ளைகள் கைக்கு அடங்கும். கப்பலில் வந்த பெட்டிக் கட்டையென்றால் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். அப்புறம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, பார்க்கக் கற்றுக்கொடுங்கள். எதிர் ரேகையில் இழைத்தால் மரம் பிய்த்துக்கொண்டு வரும், கட்டையைத் திருப்பிப் போட்டு இழைத்தால் அதே இடம் வழவழவென்று வரும். அதை வாயால் சொல்லாதீர்கள், பிள்ளையே பிய்த்துப் பார்க்கட்டும்.

மறுமொழி (கோவையில் வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவர்)

மேடம், சேர்த்தே நடத்துங்கள். "பிடித்ததைச் செய்" என்பது பெரிய டிசைனரையும் திணற வைக்கும் கேள்வி, பதினான்கு வயதுப் பிள்ளை வீடியோவைத்தான் தேடும். பொருளைச் சொல்லாமல் ஆளைச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் படுகிற சின்னக் கஷ்டம் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் அவள் பாட்டியைப் பற்றி எழுதி வந்தாள். மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவார், எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடிப்பார். உயரமான மணை வேண்டும், ஆனால் எவ்வளவு உயரம்? இவள் பாடப்புத்தகங்களைக் கட்டிக் கட்டி அடுக்கி, ஒவ்வொரு உயரத்திலும் பாட்டியை உட்கார வைத்து எழுப்பிப் பார்த்திருக்கிறாள். 11 அங்குலத்தில் சுவர் தேவைப்படவில்லை. அட்டையில் ஒரு மாதிரி, அப்புறம் மரத்தில். முதல் மணை, பாட்டி ஓரமாகச் சாய்ந்ததும் கவிழப் பார்த்தது, கால்கள் பலகைக்கு உள்ளே தள்ளி இருந்தன. இரண்டாவதில் கால்களை வெளியே சாய்த்து விரித்தாள். நாலு காலும் ஒரே சாய்வில் வர வேண்டுமென்று அவளே ஒரு அட்டை முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டாள், நான் சொல்லித்தரவில்லை. கைவேலை தேவைப்பட்டபோது தானாக வந்து சேர்ந்தது.

இதெல்லாம் புதுசு இல்லை. ஃபின்லாந்தில் 1866லேயே கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கினார்கள். பிறகு சுவீடனில் ஓட்டோ சாலமன் என்ற கல்வியாளர், கத்தியில் ஆரம்பித்து எளியதிலிருந்து கடினத்துக்குப் போகிற வரிசையை வகுத்தபோது, செய்கிற ஒவ்வொன்றும் வீட்டில் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும் என்றார். நம் ஊரில் 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததுதான்.

மதிப்பெண்ணைப் பாலிஷுக்குப் போடாதீர்கள், நோட்டுக்குப் போடுங்கள். எதை அளந்தாய், எது உடைந்தது, ஏன் மாற்றினாய் என்று அதில் இருக்க வேண்டும்.

மறுமொழி (ஒரு அம்மா)

மரத்தூள் விஷயத்தையும் கவனியுங்கள் டீச்சர். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. உப்புத்தாள் வேலையை வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போட்டு. தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், என் பையனுக்கு வீசிங் இருப்பதால் சொல்கிறேன்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. உளி தீட்டவே ஒரு வெள்ளிக்கிழமை முழுதும் போனது, அடிபட்ட பையன்தான் எல்லாரையும்விட நன்றாகத் தீட்டினான். வீட்டுக் கஷ்டங்களும் எழுதி வந்துவிட்டார்கள், போன் ஸ்டாண்டு ஒன்றுகூட இல்லை. ஒருத்தியின் அம்மா பூ கட்டி விற்பவர், நாள் முழுக்க குனிந்தே இருப்பதால் கழுத்து வலி. கூடையை மடி உயரத்துக்குத் தூக்கி வைக்க மடக்கும் கால் போட்ட தாங்கி செய்ய வேண்டும் என்கிறாள். கூடை ஈரமாகவே இருக்குமாம். அண்ணே, அதற்குப் பைன் தாங்குமா, வேப்பங்கட்டை தேடட்டுமா?