குளியலறையைப் புதுப்பித்த பிறகும் ஈரம் கசிகிறது

தாம்பரத்தில் 1998இல் கட்டிய எங்கள் வீட்டின் மாடிக் குளியலறையை, கீழ்த்தளக் கூரையில் ஈரம் படர்ந்ததால், கடந்த மார்ச்சில் பழைய டைல்ஸை உடைத்துப் புதுப்பித்தோம். தரையிலும் சுவரில் ஓரடி உயரம் வரையிலும் நீர்த்தடுப்புப் பூச்சை இருமுறை பூசி, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தபோது சொட்டுக்கூடக் கசியவில்லை. டைல்ஸ் பதித்த மூன்றாம் மாதம், தரையில் கழிவுநீர் இறங்கும் வாயான நஹானி டிராப்புக்கு நேர் கீழே மீண்டும் ஈரம் தோன்றியது.

டைல்ஸ் இடுக்குகளில் எபாக்சி நிரப்பியும் பயனில்லை. குழாய்களை மூடி வைத்த இரவில் மேல்தொட்டியின் நீர்மட்டம் குறையவில்லை. நான்கு நாள் குளிக்காமல் விட்டால் ஈரம் காய்கிறது. ஆகவே கழிவுநீர் செல்லும் வழியில்தான் பழுது என்று கருதுகிறேன். மேஸ்திரியோ முழுத் தரையையும் உடைக்கச் சொல்கிறார்; செலவு அவருடையதல்லவே.

டிராப்பைச் சுற்றி மட்டும் உடைத்துச் சரிசெய்தால் போதுமா, அல்லது முழுத் தரையையும் உடைத்தே ஆக வேண்டுமா?